கால் உள்ள வாள்

குனிந்து, இரும்பு மேசையின் ஒரு மூலைக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, மூச்சைப் பிடித்து, ஒரு விரற்கடை அளவுக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கி வைக்கிறார் வின்சன்ற். பிறகு எதிர்மூலைக்குப் போகிறார். அதையும் தூக்குகிறார். நிமிர்ந்து, இடுப்பில் கையை ஊன்றி, உதட்டைச் சற்றுப் பிதுக்குகிறார்.

"அண்ணன், அது வாள். பூசணிக்கா இல்ல" என்கிறார் பாறூக் முதலாளி, கதிரையை விட்டு எழும்பாமலே.

"இரிங்க முதலாளி. பின்பக்கம் பாரம் கூட. மோட்டர் அங்கதானே தொங்குது."

"மூணாம் சனிக்கிழமையும் அதே பின்பக்கம்தான் அண்ணன். நீங்க போன கிழமை தூக்கினதுக்கு மறுகா அது தின்னவுமில்ல, குடிக்கவுமில்ல."

ஓட்டமாவடியில் மரம் விற்கும் பாறூக்கின் மரக்காலை வாசலில் நிற்கும் பலகை லொறிக்காரர்கள் சிரிக்கிறார்கள். வின்சன்றும் சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே மூன்றாவது மூலையைத் தூக்குகிறார்.

எந்தப் பொருளானாலும் தூக்கிப் பார்த்த பிறகுதான் அவருக்கு அது என்னவென்று தெரியும். மட்டக்களப்பு ஸ்ரேஷனில் பார்சல் பகுதியில் இருபது வருடத்துக்கு மேல் நிற்கிறார். வரும் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கி, "முக்கால் அந்தர்" என்று சொல்லிவிட்டுத்தான் தராசில் ஏற்றுவார். தராசு அநேகமாக அவருடைய சொல்லைக் கேட்கும். கேட்காத நாட்களில் தராசை ஒரு தட்டுத் தட்டுவார். இந்தக் கை வீட்டுக்கும் கூடவே வரும். பிறர் வீட்டில் கதிரை கொடுத்தால் அதைக் கொஞ்சம் தூக்கி வைத்துவிட்டுத்தான் உட்காருவார். அயல்வீட்டுப் பிள்ளையின் ஞானஸ்நானத்தன்று குழந்தையைக் கையில் வாங்கியவர், அது தாயைப் போலவா தகப்பனைப் போலவா என்று பார்க்காமல், "பத்து றாத்தலுக்கு ஒள்ளம் கூட" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ஒரு செத்த வீட்டில் பெட்டிக்குத் தோள் கொடுத்து நடக்கும்போது, "மனிசன் நல்லா மெலிஞ்சுதான் போயிருக்கார்" என்று பக்கத்தில் வந்தவரிடம் முணுமுணுத்ததற்காக, அவருடைய மனைவி றோசம்மா ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை.

தொழில்தான் ஒருவரின் கைக்குள் இப்படி ஏறிக்கொள்கிறதா, அல்லது அந்தக் கை இருந்ததால்தான் அவர் அந்தத் தொழிலுக்குப் போய்ச் சேர்ந்தாரா? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அவரைக் கேட்டால், "பாரம் தெரிஞ்சாத்தானே எங்க வைக்கிற எண்டு தெரியும்" என்பார்.

கட்டையான மனிதர். கழுத்து தடிப்பு. ஸ்ரேஷனில் காக்கிக் காற்சட்டை, வீட்டில் கட்டம் போட்ட சாறம். வேலை முடிந்து தாண்டவன்வெளிக்கு வந்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வளவின் பின்பக்கத்துக்குப் போய்விடுவார். அங்கே வாவிக் காற்று படும் இடத்தில் ஒரு கொட்டில் இருக்கிறது. அவரே போட்டது. முதலில் கிடுகு, பிறகு ஓடு. உள்ளே ஒரு வேலை மேசை, சுவரில் வரிசையாகச் சீவுளிகள், உளிகள், மூலைமட்டம், நாலைந்து கைவாள்கள். அலுமாரி, கட்டில், தொட்டில், கோயிலில் உட்கார வாங்கு என்று அவர் செய்து கொடுத்த சாமான்கள் அந்தத் தெருவில் பாதி வீடுகளில் இருக்கின்றன. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மற்றத் தச்சர்மாரின் பலகைகள் வெடிக்கும். வின்சன்ற் அந்த மாதங்களில் புது மரத்தைத் தொடமாட்டார். பழைய பலகையைத் தடவிக்கொண்டு, "இது இன்னும் மூச்சு விடுது" என்று சொல்லி ஓரமாக அடுக்கி வைப்பார். "நீங்க ஆறுதலா மூச்சுப் பாருங்க, அடுப்புக்கு விறகு இல்ல" என்பார் றோசம்மா.

இரண்டு வருடமாக அவருடைய வலது தோள் சொன்னபடி கேட்பதில்லை. கெட்டியான முதிரை மரப் பலகையை நீளவாட்டில் கையால் அறுப்பது லேசான வேலையல்ல. ஒரு கட்டிலின் சட்டங்களை அறுத்து முடித்தால் அடுத்த நாள் ஸ்ரேஷனில் பார்சலைத் தூக்க இடது கையைத்தான் நம்ப வேண்டும். ஆகவே மேசை வாள் ஒன்று வாங்குவது என்று முடிவானது. தட்டையான இரும்பு மேசை. நடுவில் ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குள்ளிருந்து பாதி வெளியே தெரியும் வட்ட வாள். மோட்டர் அதைச் சுழற்றும். மரத்தை ஓரச் சட்டத்தோடு அணைத்துத் தள்ளிவிட்டால் போதும், தோளுக்கு வேலையில்லை. கொழும்பிலிருந்து புதிதாக எடுப்பிக்க இந்த நாட்களில் ஆயிரம் சிக்கல். பாறூக்கின் மரக்காலையில் பழையது இரண்டு கிடந்தது.

ஒன்று பெரியது. எங்கோ ஒரு பழைய மரக்காலையை மூடியபோது பாறூக் ஏலத்தில் எடுத்தது. மேசையும் வார்ப்பிரும்பு, அதைத் தாங்கும் பெட்டியும் வார்ப்பிரும்பு. மோட்டர் வயிற்றுக்குள் இருக்கும். அதற்குச் சீமெந்தில் அடித்தளம் போட்டு, பெரிய ஆணிகளை நிலத்தில் புதைத்து, மேலே வைத்து முறுக்க வேண்டும். பாறூக் அதை "ஆனை" என்பார்.

மற்றது கொந்தராத்துக்காரர்கள் கொண்டு திரியும் வகை. பொலநறுவைப் பக்கம் அரசாங்கக் குவாட்டஸ் கட்டிய ஒரு கொந்தராத்துக்காரர் வைத்திருந்தது. மேசை இரும்புதான், ஆனால் மெல்லியது. கீழே பெட்டி கிடையாது. கோண இரும்பில் நாலு கால். மோட்டர் பின்பக்கமாக வெளியே தொங்கும். ஒரு பெல்ட்தான் அதையும் வாளையும் சேர்ப்பது. வேலை முடிந்ததும் பெல்ட்டைக் கழற்றி, மோட்டரை இறக்கி, நாலு பேர் லொறியில் ஏற்றி அடுத்த ஊருக்குப் போகலாம். அதன் கால்களில் நாலைந்து ஊர்ச் சாந்து காய்ந்து ஒட்டியிருந்தது.

முதற் சனிக்கிழமை, றெயில்வே பாஸில் வாழைச்சேனைக்கு வந்து இறங்கி, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பாலை மரக் கட்டையோடு ஓட்டமாவடிக்கு நடந்து வந்தார் வின்சன்ற். கட்டையை இரண்டிலும் அறுத்துப் பார்த்தார். மூலைமட்டத்தை மேசையில் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணைத் தரையோடு வைத்துப் பார்த்தார். ஓரச் சட்டத்தை முன்னால் இறுக்கி, பின்னால் ஆடுகிறதா என்று ஆட்டினார். கடைசியில் பாறூக் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கேட்காமலே எடுத்து, ஓடிக்கொண்டிருந்த ஆனையின் மேல் வைத்தார். தேத்தண்ணி அசையவில்லை. ஓரத்தில் மட்டும் மெல்லிய ஒரு நடுக்கம். அதை எடுத்துக் கால் வாளின் மேல் வைத்தார். கோப்பைக்குள் வட்டம் வட்டமாக அலை எழுந்தது.

"பாத்தீங்களா?" என்றார் பாறூக். "ஆனையில குடிக்கலாம். இதில குளிக்கலாம். மறுகா என்ன யோசினை?"

யோசனை இருந்தது. அதை யாரிடமும் ஒரே மாதிரிச் சொல்லவில்லை வின்சன்ற். பாறூக்கிடம், "ஆனைக்கு மூணு பேஸ் கறண்ட் வேணும் முதலாளி, எங்கட வீட்டுக்கு ஒண்டுதான்" என்றார். மோட்டரை மாற்றித் தருவதாகப் பாறூக் சொன்னார். ஸ்ரேஷனில் கூட வேலை செய்யும் நல்லரத்தினத்திடம், "அவ்வளவு பாரத்த ஏத்தி இறக்கிற கஷ்டம்" என்றார். பாரத்தை ஏற்றி இறக்குவதிலேயே தலை நரைத்த மனிதர் இதைச் சொன்னதும் நல்லரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அவரைப் பார்த்தார். வீட்டில், "கொட்டில் நிலம் தாங்காது" என்றார்.

"எங்கட அம்மாட காலத்தில வயல்வட்டையில இருந்து வாற நெல் முழுக்க அடுக்கின நிலம்" என்றார் றோசம்மா. "அது தாங்காதாம். இவர்ர வாளத்தான் தாங்காதாம்."

எங்கட அம்மாட. விடயம் அங்கேதான் இருந்தது.

இந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுக்கு. தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு. சைவக்காரரானாலும் கிறிஸ்து வேதக்காரரானாலும் முஸ்லிம் சோனகரானாலும் இதில் பெரிய வித்தியாசமில்லை. வின்சன்றும் ஒரு தகரப் பெட்டியோடும் இரண்டு கைவாளோடும் றோசம்மாவின் வீட்டுக்கு வந்தவர்தான். அன்றைக்கு முன்விறாந்தையில் அவருடைய மாமனாரின் சாய்மனைக் கதிரை கிடந்தது. அடுத்த வருடம் அது பக்க விறாந்தையில் கிடந்தது. அதற்கடுத்த வருடம் குசினிப் பக்கம். யாரும் அவரை அங்கே போகச் சொல்லவில்லை. யாரும் தூக்கி வைத்ததாகவும் நினைவில்லை. கதிரை தானாக நகர்ந்ததைப் போலத்தான் இருந்தது. கடைசியில் மாமனாரும் மாமியாரும் கோயிலடியில் ஒரு சின்ன வீடு போட்டுக்கொண்டு போனார்கள். அப்போது வின்சன்றுக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. கொட்டில் போட இடம் கிடைத்ததுதான் பெரிதாகத் தெரிந்தது.

இப்போது மகள் ஞானமலருக்குக் கலியாணம் பேசி முடிந்திருக்கிறது. உயிர்த்த ஞாயிறு கழித்துக் கோயிலில் கலியாண அறிவிப்பு ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை பேர்னாட், தேற்றாத்தீவு, பள்ளிக்கூடத்து ஆசிரியர். சீதன உறுதி எழுதி வீடும் வளவும் மகள் பேருக்குப் போகிறது. உறுதி எழுதிய நொத்தாரிசு அதை வாசித்துக் காட்டினார். கிணறு, தென்னை, மா, "நிலத்தோடு பொருந்திய சகலதும்". அந்த இடத்தில் நொத்தாரிசு மூச்சு எடுக்க நிறுத்தினார். வின்சன்றுக்கு ஆனை நினைவுக்கு வந்தது. சீமெந்தில் புதைத்து ஆணி முறுக்கினால் அதுவும் நிலத்தோடு பொருந்தியதுதான்.

மகளுக்குப் போவதில் அவருக்கு என்ன குறை? ஒரு குறையும் இல்லை. இருக்கிற ஒரே மகள். அவளுக்கில்லாமல் யாருக்கு? அவருடைய அச்சம் வேறு. ஆனையை வாங்கி நிலத்தைத் தோண்டினால், நான் இங்கேதான் இருக்கப் போகிறேன் என்று சொல்லாமல் சொன்னது போலாகும். புதுச் சோடியின் வீட்டில் அப்படி ஒரு ஆண் சொல்லலாமா? கால் வாளை வாங்கினால், போகச் சொல்லும் நாளில் போக நான் ஆயத்தம் என்று சொன்னது போலாகும். அதையும் யார் கேட்டார்கள்? எங்கே இருப்பது, கொட்டில் யாருக்கு என்பதெல்லாம் இந்த ஊரில் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிற காரியமல்ல. பேசாமலே நடந்துவிடும். பார்சலின் பாரத்தைத் தூக்கிப் பார்த்துச் சொல்லும் மனிதருக்கு, தன்னுடைய பாரம் மற்றவர்களுக்கு எவ்வளவு என்று மட்டும் பிடிபடவில்லை. அதைக் கேட்கவும் அவருக்கு வாய் வராது.

இரண்டாம் சனிக்கிழமையும் முடிவில்லாமல் திரும்பி வந்தார். அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து பேர்னாட் தன் அக்காவோடு வீட்டுக்கு வந்திருந்தான். கலியாணத்துக்கு முன்னால் வீட்டைத் திருத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. முற்றத்தில் மணலும் சீமெந்துப் பையும் கிடந்தன. பேர்னாட் மரியாதையான பையன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வளவைச் சுற்றிப் பார்த்தான். கொட்டில் வாசலில் நின்றான். வாவிப் பக்கமிருந்து காற்று வந்து அவன் சேர்ட்டை ஊதியது.

"நல்ல காத்து மாமா. இதில ஒரு அறை போட்டா எவ்வளவு நல்லா இருக்கும்."

"ஓம் தம்பி" என்றார் வின்சன்ற். "நல்லா இருக்கும்."

அவ்வளவுதான் கதை. பேர்னாட் அதைச் சொல்லிவிட்டு மாமரத்தைப் பார்க்கப் போய்விட்டான். வின்சன்ற் கொட்டிலுக்குள் போய், ஏற்கெனவே கூராயிருந்த ஒரு உளியை எடுத்துத் தீட்டத் தொடங்கினார். ஞானமலர் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே மூன்றாம் சனிக்கிழமை. நாலாவது மூலையையும் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, "இதையே எடுக்கிறன் முதலாளி" என்கிறார்.

"கொந்தராத்து வாளா?"

"ஓம்."

பாறூக் முதற்தடவையாகக் கதிரையை விட்டு எழும்புகிறார். கிட்ட வந்து, ஆனையின் மேல் கையை வைத்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துக் கேட்கிறார். "மகளுக்குக் கலியாணம் எண்டீங்களே அண்ணன். ஊட்டக் குடுக்கிறீங்க, என்ன?"

வின்சன்ற் பாலைக் கட்டையைத் தாளில் சுற்றுகிறார்.

"எனக்கு மூணு பொம்புளப் புள்ள" என்கிறார் பாறூக். "மூணு ஊடு கட்டிக் குடுத்திட்டன். இப்ப நானும் பொண்டாட்டியும் மூணாவது ஊட்டுக்குப் பின்னால ஒரு சாய்ப்பில இரிக்கம். ஆம்புளைக்கு ஊடு ஏது அண்ணன்? உம்மாட ஊட்டில பொறக்கிற, பொண்டாட்டிட ஊட்டில வாழுற, மகள்ட ஊட்டில மவுத்தாகிற. இந்த மரக்காலை எனக்கு ஏன் தெரியுமா? ஊட்டில என்ட கதிரைய வைக்க ஒரு இடமில்ல. அதுதான் இஞ்ச வந்து கிடக்கன்."

லொறிக்காரர்கள் மறுபடி சிரிக்கிறார்கள். பாறூக்கும் சிரிக்கிறார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஆனா அண்ணன், நான் கேட்டுப் பாக்கல்ல" என்கிறார். "என்ட கதிரை ஊட்டுக்குள்ள இரிக்கட்டுமா எண்டு ஒருக்காவும் நான் புள்ளையளிட்டக் கேக்கல்ல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாளுகள் எண்டு இப்பயும் எனக்குத் தெரியா."

லொறி எப்போது வரும் என்று மட்டும் கேட்கிறார் வின்சன்ற்.

வீட்டில் இதைச் சொல்லத் தருணம் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது சொன்னார். றோசம்மா அகப்பையைச் சட்டிக்குள் போட்டார்.

"காலோட வாளா? எங்க ஓடப் போறீங்க?"

"வாளுக்குத்தானே கால். எனக்கா?"

"உங்களுக்கும் இரிக்கி. அதுதானே எனக்குப் பயம்." றோசம்மாவுக்குக் குரல் ஏறியது. "தேற்றாத்தீவு ஆக்கள் என்ன நினைப்பாங்க? மகள்ட கலியாணத்துக்கு முந்தித் தகப்பன் மூட்டை கட்டுறார், பொண்டாட்டி ஊட்ட விட்டுத் துரத்துறா எண்டுதானே கதைப்பாங்க? நல்ல சாமான் அங்க கிடக்கு எண்டு நீங்கதான் ராவும் பகலும் சொன்னீங்க. தேத்தண்ணி ஆடல்ல, தேத்தண்ணி ஆடல்ல எண்டு. இப்ப ஆடுற சாமான எடுத்திட்டு வாறீங்க."

"கறண்ட் காணாது றோசம்மா."

"கறண்ட்!" என்று சொல்லிவிட்டு றோசம்மா அவருடைய தட்டில் இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான் போடுவார். ஞானமலர் மீன் முள்ளை எடுத்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தகப்பனைப் போலவே அவளுக்கும் எதையாவது வரிசையில் வைக்காமல் யோசிக்க வராது.

லொறி வந்தது ஒரு பின்னேரம். பேர்னாட்டும் அன்று வந்திருந்தான், கிணற்றடித் திருத்த வேலையைப் பார்க்க. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனும் ஒரு கை கொடுத்தான். "எங்க மாமா வைக்கிற?" என்று கேட்டான்.

"இதிலயே வையுங்க தம்பி" என்று கொட்டில் வாசலுக்குப் பக்கத்தைக் காட்டினார் வின்சன்ற். உள்ளே நடுவில், யன்னல் வெளிச்சம் விழும் இடம் வெறுமையாக இருந்தது. கால் வாள் வாசலோரத்தில், அடுத்த லொறிக்குக் காத்திருப்பதைப் போல நின்றது. நிலம் மட்டமில்லாததால் ஒரு கால் ஆடியது. வின்சன்ற் ஒரு ஆப்பைச் சீவி அடியில் செருகினார். பெல்ட்டை மாட்டினார். மோட்டருக்கு எண்ணெய் விட்டார். ஓரச் சட்டத்தை இரண்டு பக்கமும் அளந்து இறுக்கினார்.

முதல் அறுப்புக்கு ஒரு நீளமான வேப்பம் பலகையை எடுத்து மேசையில் வைத்துத் தள்ளத் தொடங்கினார். வாள் நன்றாகவே அறுத்தது. பாதிப் பலகை போகும்வரை எல்லாம் சரி. பிறகு ஆப்பு நழுவியது. நாலு காலும் தடதடவென்று நடுங்கி, முழு வாளும் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் நகரத் தொடங்கியது. பலகை இறுகி, பிடித்து, பின்னால் அவருடைய வயிற்றை நோக்கி உதைத்தது. பேர்னாட் பாய்ந்து மோட்டரின் ஆளியைத் தட்டி நிறுத்தினான்.

வின்சன்ற் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். காயமில்லை. சாறத்தின் மேல் கட்டிய பட்டியில்தான் பட்டிருந்தது.

சத்தம் கேட்டுக் குசினியிலிருந்து ஓடி வந்த றோசம்மா, ஆளுக்கு ஒன்றுமில்லை என்று கண்டதும் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. "பாத்தீங்களா" என்றார். "வந்து இறங்கல்ல, அதுக்குள்ள நடக்கத் துவங்கிட்டு." சொல்லும்போது குரல் உடைந்ததால் அது பகிடியாக வரவில்லை.

"மாமா, இத நிலத்தோட பொருத்தத்தான் வேணும்" என்றான் பேர்னாட். "இப்பிடி விட ஏலா. கைய எடுத்திடும்."

அது வின்சன்றுக்குத் தெரியாததல்ல. கொந்தராத்துக்காரர்களும் போன ஊரிலெல்லாம் தரையில் நாலு ஓட்டை போட்டுத்தான் அதை நிறுத்தியிருப்பார்கள். கால் அடியில் அதற்கென்றே துளைகள் இருந்தன. அவர் அந்தத் துளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். தரை அவருடைய கையால் போட்ட தரை. மணலும் சீமெந்தும் குழைத்து, மட்டம் பார்த்து, ஒரு டிசம்பர் நத்தார் விடுமுறையில் போட்டது. ஆனாலும் அதில் ஓட்டை போட யாரைக் கேட்பது என்று அவர் இதற்கு முன் ஒருபோதும் யோசித்ததில்லை. வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் எதையும் கேட்டதில்லை. கேட்காமல் எடுக்கவும் இல்லை. கிடைத்த இடத்தில் கிடைத்ததைச் செய்துகொண்டு இருந்துவிட்டார்.

ஞானமலர் தாய்க்குப் பின்னால் வந்து நின்றாள்.

"புள்ள" என்றார் வின்சன்ற். "நிலத்தில நாலு ஓட்டை போடட்டா?"

மகளிடம் கேட்கிற குரல் அல்ல அது. ஸ்ரேஷனில் பார்சல் வாங்க வருகிறவர்கள் சன்னலுக்கு வெளியே நின்று கேட்கிற குரல். றோசம்மா சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நாளும் கறண்ட், நிலம், பாரம் என்று இவர் சொன்னதெல்லாம் எதற்காக என்று அவருக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தார். பிறகு முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

ஞானமலர் வாளையும் தரையையும் பார்த்தாள்.

"இஞ்ச வேணாம் அப்பா" என்றாள்.

வின்சன்ற் தலையை ஆட்டினார். "சரி புள்ள. அதுதான் நானும்…"

"வாசல்ல என்னத்துக்குப் போடுறீங்க? மாரியில சாரல் அடிச்சா இரும்பு கறள் பிடிக்கும். அங்க யன்னலடியில, நடுவில போடுங்க. அங்கதானே வெளிச்சம். நீட்டுப் பலகை எண்டா வாசலால வெளிய போக விடலாம்." நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். "அறைய இவர் கிணத்துப் பக்கமாப் போடுவார்."

"நான் எப்ப அப்பிடிச் சொன்னன்?" என்றான் பேர்னாட், உண்மையாகவே திகைத்து.

"சொல்லுவீங்க."

"வாயப் பாரு இவள்ற" என்றார் றோசம்மா. "இன்னும் ஓலை வாசிக்கல்ல." ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார்.

பேர்னாட் ஞானமலரைப் பார்த்தான். வின்சன்றைப் பார்த்தான். கொட்டிலுக்குள் அடுக்கியிருந்த பலகைகளையும் சுவரில் தொங்கிய சீவுளிகளையும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தான். "கிணத்துப் பக்கமும் காத்து வரும்தான்" என்றான் மெதுவாக. பிறகு வேட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "பிடியுங்க மாமா" என்று வாளின் ஒரு பக்கத்துக்குப் போனான். அறுப்பைப் பார்க்க நின்ற லொறிக்காரர்கள் இருவர் மறுபக்கம் பிடித்தார்கள்.

நாலு பேருமாக அதை உள்ளே, யன்னலடிக்கு நகர்த்தினார்கள். வெளிச்சம் மேசையில் விழுந்தது. வின்சன்ற் கொஞ்சம் இப்படித் திருப்பச் சொன்னார், கொஞ்சம் அப்படி. சுவரிலிருந்து அளந்தார். இன்னும் ஒள்ளம் தள்ளச் சொன்னார். பிறகு கையை உயர்த்தினார். எல்லோரும் விட்டு விலகினார்கள்.

றோசம்மா தேத்தண்ணி ஊற்றப் போனார். லொறிக்காரர்கள் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார்கள். ஞானமலர், ஓட்டை போட மேசனை நாளைக்கே வரச் சொல்லலாமா என்று பேர்னாட்டிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வின்சன்ற் சாறத்தை மடித்துத் தரையில் முழந்தாளிட்டார். காதிலிருந்த பென்சிலை எடுத்து, வாளின் முதல் காலைச் சுற்றித் தரையில் ஒரு கோடு போட்டார். தவழ்ந்து போய் இரண்டாவது காலைச் சுற்றி ஒன்று. மூன்றாவது. நாலாவது. போட்டு முடித்து, பென்சிலைக் காதில் வைக்கக் கையைக் கொண்டு போனவர், வைக்காமல் முதல் காலுக்குத் திரும்பினார். நாக்கு நுனியில் பென்சிலை நனைத்துக்கொண்டு, போட்ட கோட்டின் மேலேயே, இன்னும் அழுத்தி, மறுபடியும் வரையத் தொடங்கினார்.